சோபாவுக்கு நேரே பின்கதவு

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. எட்டு மணி வரை ஏரி கண்ணுக்கே தெரியவில்லை. வீட்டுக்குள்ளும் அதே கதி. சுவர் இடித்த தூசி.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவர் நேற்றோடு போயிற்று. வாசலில் நின்றால் அடுப்பு தெரிகிறது. சமைக்க, சாப்பிட, உட்கார எல்லாம் இனி ஒரே இடம். ரேணு போனில் காட்டிய படத்தில் இருப்பது போலவே, தூசியைக் கழித்துவிட்டால். கல்லூரி பஸ்ஸுக்கு ஓடும் முன் வீடியோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். "ஓப்பன் கிச்சன்மா. நம்ம ஊர்ல மொத ஆளு நாமதான்!" எனக்கும் பெருமைதான். இல்லை என்றால் பொய்.

இவர் ஆரம்பாக்கத்துக்கு லோடு எடுக்கக் கிளம்பும்போது கேட்டது: "செவுரே இல்லாத வூட்ல நான் எங்க சாஞ்சிகினு பேப்பர் படிக்கிறது?" சோபா வரும், வந்ததும் தெரியும்.

ஏழுமலை மேஸ்திரிக்கு இந்த வாரம் சொல்ல வேண்டியவை:
மேடைக்கல் – சாம்பல் நிறம். கறுப்பு வேண்டாம், உப்புக் கறை தெரியும்.
கப்போர்டு கைப்பிடி – இரும்பு கூடவே கூடாது. இந்தக் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது.
தரை – வெள்ளை டைல்ஸ். (இவர்: "மணல்ல குடித்தனம் பண்ணிகினு வெள்ளையா?" ஆமாம், வெள்ளைதான்.)
மேசை – நான்கு பேருக்கு.
தொங்குகிற விளக்கு – மூன்று. மேடைக்கு மேலே.
ஃபிரிட்ஜ் – எங்கே?
பின்கதவு –

பின்கதவுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

அங்கன்வாடி சென்டர். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகின்றன, பதினொரு பேர். எடை ரிஜிஸ்டர் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த நோட்டு வீட்டில் யார் கண்ணிலும் படக் கூடாது, என் சென்டர் பையிலேயே இருக்கட்டும்.

காலையில் மேஸ்திரி கேட்டார். "டீச்சர், பின்கதவு இருந்தா ஃபிரிட்ஜுக்கு எடம் இல்ல. அடைச்சிட்டா ஃபிரிட்ஜும் வெச்சி, பக்கத்துல ஆள் உசரத்துக்கு ஒரு கப்போர்டும் போட்டுடலாம். இல்லாட்டி ஃபிரிட்ஜ ஜன்னலாண்ட தள்ளிக்கலாம். இன்னா சொல்றீங்கோ?"

இரண்டு வழியும் அவர்தான் சொன்னார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அடைச்சிடுங்க" என்றேன்.

வீட்டில் எல்லோரிடமும் வேறு மாதிரி சொன்னேன். "கதவ அடைக்காம முடியாதாம், மேஸ்திரி சொல்றாரு." இவர் "அப்டியா" என்றார். அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தக் கதவு அண்ணியின் கதவு. தேசம்மா அண்ணி, இவருக்கு அக்கா. கடலில் புருஷனைக் கொடுத்துவிட்டு இருபத்து நாலு வயதில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட ஓர் அறையில் இருக்கிறார். விடியலில் ஏரியில் இறங்குவார். மார்பளவுத் தண்ணீரில் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார், கழுத்தில் பறிக் கூடை. வெயில் ஏறினதும் சொட்டச் சொட்ட வந்து பின்கதவில் நிற்பார். ஏரிக்குப் போன ஈரத் துணியோடு முன்வாசல் வழியாக யாரும் உள்ளே வருவதில்லை, மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். சாமி படம் முன்பக்கம். பின்கதவுப் படியில் நின்று, பறியிலிருந்து முதல் கை இறாலை வீட்டுச் சட்டியில் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் வியாபாரிக்கு அனுப்புவார். அந்தப் படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். சுவர் இருந்தவரை ஹாலில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. சுவர் போன பிறகு சோபா போடுகிற இடத்துக்கு நேரே, கோடு கிழித்த மாதிரி, பின்கதவு.

சுவரை எடுத்ததால் கதவை அடைக்க வேண்டி வந்தது. மேஸ்திரிக்கு அல்ல, எனக்கு.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். போன வருடம் மேடம், எங்கள் சூப்பர்வைசர், வீட்டுக்கு வந்தபோது சமையலறை வரை வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணி. முழங்கால் வரை கறுப்புச் சேறு, பறியில் இறால் துள்ளுகிறது. மேடம் கைக்குட்டையை மூக்கில் வைக்கவில்லை. வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டிக்கொள்ளலாம். "யாரு இவங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் சொன்னது: "பக்கத்துல இருக்காங்க மேடம்."

அண்ணி காதில் விழுந்திருக்கும். இரண்டு முழ தூரம்.

பெரிய பிள்ளை எழுந்துவிட்டது. போதும்.

பிப்ரவரி 12, வியாழன்

நாள் முழுக்கப் பொன்னேரியில் பயிற்சி. புதிய செயலியில் பிள்ளைகளின் உயரம் பதிவது. நான்கு முறை நின்று போயிற்று. மதியம் சாம்பார் சாதம், உப்பில்லை.

வந்து பார்த்தால் கதவு இல்லை. ஈரச் சுவர். பூச்சுகூட முடித்துவிட்டார்கள். நான் நாளைக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

அண்ணி பக்கத்தில் நின்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சோக்கா கீது கஸ்தூரி. காத்து வராது இனிமே."

"உங்களுக்குத்தான் வந்து போறதுக்குக் கஷ்டம் அண்ணி..."

"எனக்கு இன்னா, சுத்திகினு வந்தா ஆச்சி."

அவ்வளவுதான். நானும் விட்டுவிட்டேன். கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தீர்த்திருப்பேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வாடைக் காற்று குறைந்துவிட்டது. வெயில் சுள்ளென்று. ஏரியில் பூநாரை பார்க்க வந்த கார்கள், படகுத்துறையில் ஒரே கூட்டம்.

சோபா வந்தது. சாம்பல் நிறம், எல் மாதிரி மடங்கினது. முன்வாசல் வழியாக நுழையவில்லை, கதவைக் கழற்றி மாட்டினார்கள். விளக்கு மூன்றும் எரிகின்றன. மேசை நாளை. பெயிண்ட்: மூன்று பக்கம் வெண்ணெய் நிறம், டிவி பக்கம் மட்டும் கடல் பச்சை. ரேணு செலக்‌ஷன். கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் சோபாவின் ஒவ்வொரு மூலையிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

பத்தரை மணிக்கு அண்ணி ஏரியிலிருந்து வந்தார். ஜன்னலில் பார்த்தேன். நேராகப் பின்பக்கம் போனார், பழக்கத்தில். சுவருக்கு முன்னால் நின்றார். கழுத்தில் பறி, துணியில் தண்ணீர் சொட்டுகிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் துணி துவைக்கிற கல் பக்கம் போய் அங்கே பறியை இறக்கினார். முன்வாசலுக்கு வரவில்லை. எப்படி வருவார்? ஈரம்.

முதல் கை இறாலை ஒரு கிண்ணத்தில் போட்டு ரேணுவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். சோற்றுத் தட்டை ரேணுதான் ஷீட் அறைக்குக் கொண்டுபோனாள்.

சாயங்காலம் குளித்து, துணி மாற்றி, பூ வைத்துக்கொண்டுதான் இருந்தார். "உள்ள வாங்க அண்ணி, சோபாவப் பாருங்க" என்றேன். வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார்.

"தரை வெள்ளையா கீது. என் காலு வெடிப்புல சேறு நிக்கும். நான் இங்கேந்தே பாக்கறன், நல்லா தெரிது."

நல்லாத்தான் தெரிகிறது. அதற்காகத்தானே சுவரை இடித்தோம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று சிரிப்பு. புது மேடையில் முதல் முறையாக மீன் வறுத்தேன். மடவை. புகை நேராக ஹாலுக்கு. சோபா, கர்ட்டன் இல்லாத ஜன்னல், டிவி, சாமி படம், எல்லாம் மீன் கவிச்சி. இவர் தும்மித் தும்மி எழுந்து வெளியே போனார். "சோபாவயும் சேத்து வறுத்துட்டியா இன்னாமே?" ரேணு தலையணை உறையை முகர்ந்து பார்த்து ஓடினாள். இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் திறந்து வைத்தும் போகவில்லை. புகை இழுக்கிற ஃபேன் மாட்டச் சொல்ல வேண்டும். முன்பு பின்கதவைத் திறந்தால் காற்று இழுத்துக்கொண்டு போய்விடும்.

எந்த வாசனை வெளியே நிற்கட்டும் என்று அடைத்தேனோ அதே வாசனை. இப்போது வீடு முழுக்க. என் கையாலேயே.

சாப்பிடும்போது இவர் நாலாவது நாற்காலியைப் பார்த்தார்.

"அக்கா எங்க துண்ணுது இப்போ?"

"அவங்க ரூம்ல."

"ஏன்?"

"அவங்களுக்கு அங்கதான் வசதியாம்."

பொய். மேடத்திடம் ஒன்று, மேஸ்திரி பேரைச் சொல்லி ஒன்று, இது மூன்றாவது. சத்தம் போடாத பொய்கள். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அக்காவைத் தூக்கி வைத்துப் பேசுகிற ஆள் இல்லை, ஆனால் சின்ன வயதில் இவருக்கு ஊட்டி விட்டது அந்தக் கைதான்.

எனக்கும்தான். இந்த வேலை கிடைக்கும் முன் ஆறு வருடம் நானும் அவரும் ஜோடியாக ஏரியில் தடவினோம். என் விரலில் இறால் கொம்பு குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. எனக்கும் அப்போது இதே நாற்றம்தான் இருந்திருக்கும். நான் டிரெய்னிங் போன மூன்று மாதம், அண்ணி ரேணுவை இங்கே பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏரிக்குப் போய், பாதியில் ஓடி வந்து பார்த்துவிட்டு, மறுபடி இறங்குவாராம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அவர் சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: டைல்ஸ் துடைக்கிற மாப், எலுமிச்சை, ஊதுபத்தி.

பிப்ரவரி 18, புதன்

மேடம் வந்தார். சென்டர் பார்த்துவிட்டு, "புது வீடாமே, காட்டுங்க" என்று அவராகவே.

சோபாவில் உட்கார்ந்தார். நான் நினைத்த அதே மூலையில். எதிரே ஃபிரிட்ஜ், ஆள் உயரக் கப்போர்டு, ஒரு தூசி இல்லை. "டவுன்ல கூட இவ்வளவு நீட்டா வெச்சிக்க மாட்டாங்க டீச்சர்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தேன். கேட்டபோது என் கண் ஜன்னல் பக்கம்.

ஏனென்றால் டீ போட மேடைக்குப் போனபோது சிங்க் ஜன்னலில் பார்த்தேன். அண்ணி ஏரியிலிருந்து வந்துவிட்டார். மேடத்தின் வண்டி வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறார். ஷீட் அறைக்குப் போக வாசல் வழியாகத்தான் போக வேண்டும், பின்பக்க வழியில் இப்போது மிஞ்சின மணலும் செங்கல்லும் குவிந்து கிடக்கின்றன. வேலி ஓரம் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தார். முந்தானையைப் பிழிந்து தோளில் போட்டு, பறியை அணைத்துக்கொண்டு. கைவிரல்கள் ஊறிப்போய் வெள்ளையாக இருந்தது அங்கிருந்தே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினார். அவங்க போகட்டும், நான் நிக்கிறேன் என்கிற மாதிரி.

நான் போய் "அண்ணி, உள்ள வாங்க" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். "மேடம், இவங்க எங்க அண்ணி" என்று சொல்லியிருக்க வேண்டும். ஏழெட்டு வார்த்தை. வாயில் வரவில்லை. மேடத்திடம் "இன்னொரு பிஸ்கட் எடுத்துக்குங்க மேடம்" என்றேன். அது மட்டும் வந்தது.

மேடம் நாற்பது நிமிஷம் இருந்தார். அண்ணி நாற்பது நிமிஷம் நின்றார்.

என்னைப் பிடிக்கவில்லை எனக்கு.

பிப்ரவரி 20, வெள்ளி

ரேணு காலையில் தலை பின்னிக்கொண்டே: "அத்தை சுண்ணாம்புக்கொளத்துக்குப் போறாங்களாம்மா. அங்கியே இருக்கப் போறாங்களாம். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அங்கே அண்ணியின் சித்தி மகள் இருக்கிறாள், அவளும் ஏரியில் தடவுகிறவள். ஜோடிக்கு ஆள் வேண்டுமாம். ஞாயிறு கிளம்புகிறார்.

சென்டரைப் பதினைந்து நிமிஷம் ஆயாவிடம் விட்டுவிட்டு ஏரிக் கரைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான். வழியெல்லாம் ஒத்திகை. 'அடைக்கச் சொன்னது மேஸ்திரி இல்லை, நான். உங்களை மறைக்கத்தான்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

அண்ணி தண்ணீரில் இருந்தார், தலையும் தோளும் மட்டும் வெளியே. என்னைப் பார்த்ததும் கரைப் பக்கம் வந்தார்.

"இன்னா கஸ்தூரி, வெயில்ல? புள்ளைங்களுக்கு எதுனா?"

"இல்ல அண்ணி. கர்ட்டன் வாங்கணும். எந்தக் கலர் போடலாம்னு..."

இது என் வாய்தானா என்று இருந்தது. அவர் இடுப்புத் தண்ணீரில் நின்று நிஜமாகவே யோசித்தார்.

"பச்சை போடு. செவுத்துக்கு ஒத்துப் போவும். அழுக்கும் தெரியாது."

திரும்பி வந்துவிட்டேன். பதினொரு பிள்ளைகளுக்கும் முட்டை உரித்துக் கொடுத்தேன். ஒன்று கீழே விழுந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் வைத்து. நல்ல நேரம் பார்த்தேன் நான்!

ஒரு கட்டைப் பை, ஒரு துணி மூட்டை, மேலே கவிழ்த்த பறி. அவ்வளவுதான் அவர் சாமான். இவர் மூட்டையைத் தூக்கி வந்து வைத்துவிட்டுக் கடைப் பக்கம் போய் நின்றுகொண்டார், அழுகிற முகத்தை நாங்கள் பார்க்கக் கூடாது என்று. ரேணு வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அண்ணி, கதவு வெச்சிக்கலாம்னு மேஸ்திரி சொன்னாரு. நான்தான் அடைக்கச் சொன்னேன்."

"தெரியும்மா."

"மேடம் வந்தா நீங்க தெரியக் கூடாதுன்னு."

"அதுவும் தெரியும்."

"பின்ன ஏன் ஒண்ணும் கேக்கல? என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம் இல்ல?"

பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் வூடு. நீ படிச்சி, வேலைக்குப் போயி, ஆசப்பட்டுக் கட்டற. நாலு பேர் வருவாங்கோ. இத்தினி வருசத்துல ஒரு தபா கூட உன் மேல நாறுதுனு நீ என் மூஞ்சிக்கு நேரா சொன்னதில்ல. சொல்லாம இருக்க நீ எவ்ளோ கஸ்டப்பட்டியோ."

திட்டவில்லை, குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே என்னைப் பற்றிக் கவலைப்பட்டுத்தான் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"திரும்ப ஒடைச்சிக் கதவு வெக்கிறேன் அண்ணி. போவாதீங்க."

"ஒடைக்காத. தூசி பறக்கும். சோபா புதுசு."

பஸ் வந்தது. ஏறும்போது கண்டக்டர், "இன்னாமா மூட்ட, மீனா? நாறப் போவுது" என்றான். அண்ணி "துணிதாம்பா, தொவைச்சது" என்றார். நான் அவனைப் பிடித்துக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு என்ன தகுதி இருந்தது அவனைத் திட்ட.

வீட்டுக்கு வந்ததும் இவரிடமும் சொன்னேன், மேடம் விஷயத்திலிருந்து எல்லாம். சோபாவில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சென்டருக்கு லீவு போட்டேன். காரணம்: தலைவலி. (பொய் நாலு.)

இவர் நேற்றும் இன்றும் வீட்டில் சாப்பிடாமல் லோடுக்குப் போகிறார். போகும்போது இன்று கடப்பாரையை மட்டும் எடுத்து வந்து ஃபிரிட்ஜ் பக்கம் சாய்த்துவிட்டுப் போனார்.

ஃபிரிட்ஜைத் தள்ளினேன். கப்போர்டு தட்டுகளைக் கழற்றினேன். சோபா மேல் பழைய புடவை நாலு போட்டு மூடினேன். பிறகு இடித்தேன். பூச்சு உதிர்ந்தது. செங்கல் அசையவில்லை. மறுபடி. கை எரிந்தது, சுவர் அப்படியே.

புது வீட்டில் இடிக்கிற சத்தம் கேட்டு ஏழுமலை மேஸ்திரி ஓடி வந்தார், பக்கத்துத் தெருவில் வேலை. "இன்னா டீச்சர், பத்து நாள் செவுரு! இன்னாத்துக்கு ஒடைக்கிறீங்கோ?"

"கதவு வைக்கணும். ஏன் இது வர மாட்டேங்குது? நீங்க கட்டினது எல்லாம் இப்படியா இருக்கும்?"

அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான் கட்டினா இப்டி வராது டீச்சர். அன்னிக்கி நீங்க பொன்னேரி போய்ட்டீங்கோ. என் ஆளு வர்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்னு கெளம்பினேன். தேசம்மாதான் வுடல. அவங்களே செங்கல் எடுத்துக் குடுத்தாங்கோ, மணல் சலிச்சாங்கோ, கலவயும் அவங்க கையாலதான் கலந்தாங்கோ. நான் ஒரு சட்டி சிமெண்ட் போட்டா, இன்னொண்ணு போடுனு கொட்றாங்கோ. இன்னாத்துக்குமா இவ்ளோனு கேட்டேன். வாடக் காத்து நேரா இந்தப் பக்கம்தான் அடிக்கும், கஸ்தூரிக்குக் குளுரு ஒத்துக்காது, சளி புடிச்சிக்கும்னாங்கோ."

ட்ரில் மெஷின் கொண்டு வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

மத்தியானம் மூன்று வரை இடித்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். நாலு செங்கல் வந்திருக்கிறது.